மெரியோனின் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பிரெஞ்சு ஓவியர் சார்ல் மெரியோனின் ‘பிணவறை’ படத்தை வெளியிட்டதற்கு முதலில் நன்றி. தமிழ்ப் பத்திரிகையில் அந்தப் படம் கண்ணில் படுவதே அபூர்வம். ஆனால் படத்துக்குக் கீழே இருந்த சிறு குறிப்பில் மூன்று பிழைகள். பேனாவால் வரைந்தது என்றும், காகிதம் பழசாகிக் கறுத்துவிட்டது என்றும், வரைந்தவர் மனநோயாளி என்பதால் காட்சி இருண்டு கிடக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியே விட்டால் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிப் பிள்ளைகளில் யாராவது அதையே தேர்வில் எழுதிவைக்கக்கூடும். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம்.

அது எச்சிங். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரித்து, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுத்த பிரதி. ஆண்டு 1854. தகடு ஏறக்குறைய 23 செ.மீ. உயரம், 21 செ.மீ. அகலம். பாரிஸ் நகரத்தைப் பற்றி 1850 முதல் 1854 வரை மெரியோன் செய்த 22 தகடுகளில் ஒன்று. கட்டடம் கற்பனை இல்லை. சேன் ஆற்றின் நடுத்தீவில் 1804 முதல் 1864 வரை இருந்த நகரப் பிணவறைதான் அது. ஆற்றில் மிதந்து வந்த, தெருவில் செத்துக் கிடந்த அடையாளம் தெரியாத உடல்களைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சாய்வான பலகைகளில் கிடத்தி, மேலே குளிர்ந்த தண்ணீர் சொட்டவிட்டு, உடைகளைப் பக்கத்தில் மாட்டிவைப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். சொந்தக்காரரைத் தேடி வந்தவர்களோடு வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் பெரிது. பிறகு நோத்ருதாம் பேராலயத்துக்குப் பின்புறம் இடம் மாறியது; பொதுமக்கள் பார்வைக்கு அதை மூடியது 1907-ல்.

படத்தில் மூழ்கிச் செத்த ஒருவரின் உடலைச் சுமந்து வருகிறார்கள். ஒரு பெண் கதறுகிறாள். காவலர் ஒருவர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கை நீட்டுகிறார். மேலே கைப்பிடிச் சுவரில் வரிசையாகத் தலைகள். ஆற்றோரம் சலவைப் படகுகள். கூரையிலிருந்து கரும்புகை. இத்தனைக்கும் மேலே வீடுகளின் சுவர்களில் சுள்ளென்று வெயில் அடிக்கிறது. அந்த வெயில்தான் படத்தின் கொடுமை. உங்கள் அச்சில் அது காணாமல் போய், சுவரும் புகையும் ஒரே சாம்பலாகிவிட்டது.

மனநோய் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மெரியோன் பிரெஞ்சுக் கப்பற்படையில் இருந்தவர், நியூசிலாந்து வரை போய்வந்தவர். நிறக்குருடு இருந்ததால் வண்ணத்தை விட்டுவிட்டு எச்சிங்குக்கு வந்தவர். ஷாரந்தோன் மனநலக் காப்பகத்தில் முதன்முதலாகச் சேர்ந்தது 1858-ல். இறந்ததும் அங்கேதான், 1868-ல். இந்தத் தகடு அவர் முதன்முதலாகக் காப்பகத்தில் சேர்ந்ததற்கு நான்கு ஆண்டு முந்தியது. அதைவிடப் பெரிய சாட்சி தகடே. எந்தக் கோட்டை எத்தனை நிமிடம் அமிலத்தில் விட வேண்டும் என்று கணக்குப் போட்டு, நடுவில் நிறுத்தி, மறைத்து, மறுபடி அரித்துச் செய்கிற வேலை இது. ஆவேசத்தில் வராது.

இனிக் கறுப்பு. பேனாவில் கறுப்பு வேண்டுமென்றால் மையை அதிகம் விடலாம். எச்சிங்கில் கறுப்பின் அளவு பள்ளத்தின் ஆழத்தையும் கோடுகளின் நெருக்கத்தையும் பொறுத்தது. ஓவியர் முழுப் படத்தையும் கீறிவிட்டு, தகட்டை அமிலத்தில் இறக்குவார். சில நிமிடத்தில் எடுத்துக் கழுவி, மிக வெளிறி வர வேண்டிய கோடுகளின் மேல் வார்னிஷ் பூசி மூடுவார். மறுபடி இறக்குவார். அடுத்த சாயல் வந்ததும் அதையும் மூடுவார். கடைசிவரை திறந்து கிடப்பவைதான் ஜன்னல்களும் புகையும் நிழலும். வெயில் விழுந்த சுவரின் கோடு சில நிமிடம் மட்டும் அரிபட்டது. ஜன்னல் பள்ளம் அதைப்போல் பல மடங்கு நேரம் அரிபட்டது. ஒரே ஊசி, ஒரே கை, வித்தியாசம் நேரத்தில்.

ஜன்னலைக் கறுப்பாக்க ஆழமாக ஒரேயடியாக அரித்தால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கோடுகளை மிக நெருக்கமாகப் போட்டு அதிக நேரம் அரித்தால், இரண்டு கோட்டுக்கு நடுவில் உள்ள செம்புச் சுவர் இடிந்து, அகலமான ஆழமற்ற பள்ளமாகிவிடும். மையைப் பிடித்துவைக்க அங்கே சுவர் இல்லை. துடைக்கும் துணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். கறுப்பாக வர வேண்டிய இடம் பிரதியில் அழுக்குச் சாம்பலாக, ஓரம் மட்டும் கறுத்து வரும். சரியான வழி: முதல் அடுக்குக் கோடுகளை அரித்து, பூச்சை எடுத்துவிட்டு, புதுப் பூச்சின் மேல் வேறு திசையில் இரண்டாம் அடுக்கு, பிறகு தேவையானால் மூன்றாம் அடுக்கு. நல்ல பிரதியை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள், ஜன்னலின் கறுப்பு கோடு கோடாகப் பிரியும். கோடுகளின் இடையில் காகிதம் மினுங்கும். சில இடங்களில் மெரியோன் அமிலம் இல்லாமல் ஊசியால் நேரடியாகவே செம்பைக் கிழித்திருக்கிறார். கிழிசலின் ஓரத்தில் எழும் செம்புப் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு மெத்தென்ற கறுப்பைத் தரும். அது சில பத்துப் பிரதிகளுக்குள் தேய்ந்துபோகும். முதலில் எடுத்த பிரதிக்கும் கடைசியில் எடுத்த பிரதிக்கும் விலை வித்தியாசம் வருவதற்கு இது ஒரு காரணம்.

காகிதம் பழசாகிக் கறுத்தது என்பதும் இதோடு விழுந்துவிடுகிறது. மெரியோன் சில பிரதிகளை வேண்டுமென்றே பச்சைச் சாயல் உள்ள காகிதத்தில் எடுத்தார், மையிலும் பழுப்பைச் சேர்த்தார். நிறக்குருடர் என்றாலும் காகிதத்தில் அவருக்கு இருந்த கவனம் அசாத்தியம்.

உங்கள் அச்சகத்துக்கும் ஒரு வார்த்தை. செய்தித்தாளில் புகைப்படங்களை அங்குலத்துக்கு 85 முதல் 100 புள்ளி வரிசை வைத்து அச்சிடுகிறார்கள். மெரியோனின் மெல்லிய கோடு அந்தப் புள்ளியைவிடச் சின்னது. புள்ளியாக மாற்றியதும் கோடு கரைந்துவிடும். போதாததற்குச் செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் புள்ளியைப் பெருக்கும். இந்த மாதிரிப் படத்தைப் புகைப்படமாகக் கொள்ளாமல், எழுத்தைப் போல வெறும் கறுப்பு வெள்ளையாக, அங்குலத்துக்கு 1200 புள்ளித் துல்லியத்தில் எடுத்து, அசல் அளவிலேயே போடுங்கள். இரண்டு பத்தி அகலத்துக்குள் முழுப் படத்தையும் அடைப்பதைவிட, காவலர் நிற்கிற மூலையை மட்டும் பெரிதாக்கிப் போட்டாலும் வாசகருக்கு லாபம். படத்துக்கு அலைய வேண்டியதும் இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடமும் காப்புரிமை கழிந்த தங்கள் படங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே இறக்கிக்கொள்ள விடுகின்றன. குறிப்பில் ஆண்டு, தகட்டளவு, செய்த முறை மூன்றும் இருந்தால் போதும். ஓவியரின் மனநிலையைப் பற்றிய ஊகம் வேண்டாம்.

இப்படி ஒன்றைச் செய்துபார்க்க நினைக்கும் மாணவர்கள் எங்களிடம் கேட்பது: இதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா? பொருளைப் பொறுத்தவரை வேண்டாம். செப்புத் தகடு கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைப் பக்கம் கிடைக்கும். 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. கனம் கேளுங்கள். மெரியோன் தகட்டின் அளவுக்கு வெட்டினால் அரைக் கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். சம்மட்டி படாத, மடங்காத துண்டாக இருக்க வேண்டும். நான்கு ஓரத்தையும் அரத்தால் சாய்வாகச் சீவாமல் விட்டால், அழுத்தும்போது ஓரம் காகிதத்தையும் அச்செடுக்கும் எந்திரத்தில் அதன் மேல் போடும் கம்பளத்தையும் வெட்டிவிடும்.

செம்பைத் துலக்கப் புளியே போதும், ஆனால் புளி களிம்பை எடுக்குமே தவிர எண்ணெய்ப் பசையை எடுக்காது. சுண்ணக்கட்டித் தூளில் சில துளி அம்மோனியா விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் தகடு முழுவதும் ஒரே படலமாக நின்றால் பசை போயிற்று. முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் இருக்கிறது, அந்த இடத்தில் பூச்சு கழன்று வந்துவிடும்.

பூச்சுக்குத் தேன்மெழுகு இரண்டு பங்கு, நிலக்கீல் தூள் இரண்டு பங்கு, ரோசனம் என்கிற பைன் மரப் பிசின் ஒரு பங்கு. சுவாமிமலை ஸ்தபதிகள் வார்ப்புக்கு வைத்திருக்கும் மெழுகை அப்படியே கேட்டு வாங்கிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். அதில் குங்கிலியத்தோடு கடலை எண்ணெயும் சேர்ந்திருக்கும். விரலுக்கு வளைந்து கொடுக்க அவர்களுக்கு அந்த எண்ணெய் வேண்டும். நமக்கு அதுதான் எமன். பூச்சு காயாமல் பிசுபிசுத்து, அமிலம் அடியில் புகுந்துவிடும். எண்ணெய் சேர்க்காத தேன்மெழுகாகக் கேளுங்கள். ரோட்டுத் தாரும் உதவாது, மிகவும் இளகல். தூளாக நொறுங்குகிற நிலக்கீல்தான் வேண்டும்.

எச்சிங் புத்தகங்களில் உள்ள விகிதமெல்லாம் குளிர் நாட்டுக்கு எழுதியது. சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர் வெயிலில் அந்தப் பூச்சு இளகி, கை பட்ட இடமெல்லாம் ரேகை பதியும், கீறிய கோட்டின் ஓரம் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அந்த மாதங்களில் மெழுகை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, அந்த அளவு நிலக்கீலைக் கூட்டிக்கொள்ளுங்கள். ரோசனத்தைக் கூட்டினால் பூச்சு கெட்டிப்படும் என்று நினைத்து அதில் கை வைத்தால், ஊசி பட்டதும் செதில் செதிலாகப் பெயரும். காலை எட்டு மணிக்குள் கீறல் வேலையை முடித்துக்கொள்வதும் ஒரு வைத்தியம்.

மெரியோன் காலத்தவர்கள் நைட்ரிக் அமிலத்தில் அரித்தார்கள். நகைப் பட்டறைக்காரர்கள் திராவகம் என்று புழங்குகிறார்களே, அந்த வகைதான். வீட்டில் அதை வைத்துக்கொள்ள வேண்டாம். அதன் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும். வெயில் காலத்தில் வேகம் பிடித்துப் பூச்சையே தூக்கிவிடும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் போர்டு செய்ய விற்கும் பெர்ரிக் குளோரைடு போதும். அதில் புகை இல்லை, கோடும் சுத்தமாக இறங்கும். ஒரு தொல்லை உண்டு: அரிபட்ட கசடு கோட்டுக்குள்ளேயே தங்கி மேற்கொண்டு அரிக்கவிடாமல் அடைத்துக்கொள்ளும். அதனால் தகட்டை நான்கு மூலையில் சிறு முட்டுக் கொடுத்து, முகம் கீழே பார்க்கக் கவிழ்த்துப் போட வேண்டும். தகட்டின் முதுகுக்கு வார்னிஷ் பூச மறந்தால் பாதி அமிலம் அதற்கே செலவாகும். நிமிடக் கணக்கை யாரிடமும் கேட்காதீர்கள். மார்கழிக்கும் வைகாசிக்கும் வேகம் ஒன்றாக இருக்காது. அதே தகட்டில் வெட்டிய சிறு துண்டில் ஐந்து, பத்து, இருபது, நாற்பது, அறுபது நிமிடக் கோடுகளை அரித்து, அதைப் பிரதி எடுத்துப் பார்த்த பிறகே பெரிய தகட்டை இறக்குங்கள்.

தீர்ந்த பெர்ரிக் குளோரைடை வாய்க்காலில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் பத்திக்கொண்டு வருகிறது. அதில் கரைந்திருப்பது உங்கள் செம்பு. மீனுக்கும் நத்தைக்கும் பாசிக்கும் அது விஷம். தண்ணீர் வாய்க்காலோடு போய் வயலில்தான் பாயும். அதை அகலமான பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நுரை பொங்கும், மூடக் கூடாது. பொங்குவது அடங்கி, லிட்மஸ் காகிதம் நீலமாகும்போது சேறு அடியில் படியும். சேற்றை வடிகட்டிக் காயவைத்து டப்பாவில் மூடி, கழிவு எடுக்கும் இரசாயனக் கூடம் உள்ள கல்லூரியிடம் ஒப்படையுங்கள்.

அச்செடுக்கும் எந்திரம்தான் இங்கே உண்மையான தட்டுப்பாடு. கரும்பு ஜூஸ் எந்திரம் மாதிரி இரண்டு உருளை, நடுவே ஊர்ந்து போகிற பலகை, மேலே மூன்று கம்பளம். பட்டறைக்காரர் மனது வைத்தால் செய்துகொடுக்கலாம். உருளை வளையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதில் சவால். மையிலும் ஊரின் வெப்பம் தலையிடும். ஐரோப்பாவில் தகட்டைச் சூடு பண்ணி மையை இளக்குவார்கள். இங்கே கோடையில் அப்படிச் செய்தால் மை நீர்த்து, துடைக்கும்போது கோட்டுக்குள் இருப்பதும் வெளியே வந்துவிடும். மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் அடுப்பு வேண்டாம், கெட்டியான மையாகப் போட்டுக்கொள்ளலாம். கஞ்சி போட்ட வலைத்துணியால் வட்டமாகத் துடைத்து, கடைசியில் சுண்ணத்தூள் தடவிய உள்ளங்கையால் ஒரு முறை. வெயில் சுவர் வெளுத்து வருவது அந்த உள்ளங்கையால்தான். துடைப்பில் சோம்பினால் படம் முழுக்கத் துக்கம் கூடிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது அழுக்கு.

காகிதம் பருத்தியில் செய்த 300 கிராம் ரகம். அரை மணி ஊறவைத்து, உறிஞ்சு தாள்களுக்கு நடுவில் ஒற்றி எடுக்க வேண்டும். மேல்பரப்பில் தண்ணீர்ப் பளபளப்பு இருந்தால் மை ஒட்டாமல் திட்டுத் திட்டாக விடும். காய்ந்துவிட்டால் கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளி பொரிந்ததுபோல் வரும். ஐப்பசி, கார்த்திகையில் நனைத்த காகிதத்தை இரண்டு நாள் வைத்தாலே பூசணம் பிடிக்கும். மிச்சத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

கடைசியாக, இப்படிப் பழைய பிரெஞ்சுப் படம் வீட்டிலேயே வைத்திருப்பவர்களுக்கு. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர். அங்கே பழைய சட்டத்துக்குள் ஏதாவது தொங்கிக்கொண்டிருக்கலாம். அது தகட்டில் எடுத்த பிரதிதானா என்று பார்க்க லென்ஸ் போதும். சீரான புள்ளிகளாகத் தெரிந்தால் பிற்கால அச்சு. கோடுகள் இடையறாமல் ஓடி, காகிதத்தில் படத்தைச் சுற்றித் தகட்டின் ஓரம் பள்ளமாகப் பதிந்திருந்தால் நம்பிக்கை உண்டு. ஆனால் அந்தப் பள்ளம் மட்டுமே போதாது. புகைப்பட முறையில் தகடு செய்து எடுத்த மறுபிரதிகளிலும் அது இருக்கும். அவற்றில் கோட்டுக்குள் நுண்ணிய மணல்மணல் தெரியும்.

எதுவாக இருந்தாலும் கழுவாதீர்கள், பழுப்புப் புள்ளியை வெளுக்கும் பொடி போட்டு எடுக்காதீர்கள். ஓலைச்சுவடிக்குப் பூசும் எலுமிச்சம்புல் எண்ணெயை இதற்கும் பூசினால் கறை நிரந்தரம். வசம்புத் துண்டைப் பெட்டியின் மூலையில் துணியில் முடிந்து வைக்கலாம், காகிதத்தில் பட வேண்டாம். செல்லோ டேப், ஃபெவிகால் இரண்டும் ஆகாது. மைதா இல்லாத கோதுமை ஸ்டார்ச்சுப் பசையும் மெல்லிய ஜப்பானியக் காகிதமும் வைத்து மேலோரத்தில் மட்டும் இரண்டு கீல் கொடுத்தால், நாளை கழற்றுவது சுலபம். கண்ணாடி படத்தின் மேல் உட்காரக் கூடாது. மழைக்காலத்தில் உள்ளே வேர்த்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் அமிலமற்ற அட்டையால் சட்டம் கொடுங்கள். பின்பலகை பழைய பிளைவுட்டாக இருந்தால் மாற்றிவிடுங்கள், அதன் புளிப்புதான் காகிதத்தைப் பழுப்பாக்குவது. மாட்டும்போது மழை அறைகிற வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவராகப் பாருங்கள். சட்டத்தின் பின்னால் கீழ் மூலை இரண்டிலும் ஒரு செ.மீ. தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று போய்வரும், கறையானும் இராமபாணமும் குடியேறுவதற்கு முன்னால் கண்ணில் படும்.

இப்படிக்கு,
அச்சோவியத் தொழிலில் உள்ள இருவர்,
கும்பகோணம்